ஆண்டிறுதி மழை முதல் சீனப் புத்தாண்டு வரை: ஐந்து பேர் வீட்டுக்கு எவ்வளவு சரக்கு கைவசம் இருக்க வேண்டும்?

ஈசூன் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. ஐந்து பேர்: நாங்கள் இருவர், மாமியார் (72 வயது, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை), 13 வயது மகன், 6 வயது மகள். ஒரு சம்பளம்.

டிசம்பர் மழை பிடித்தால் கீரை, காய், மீன் எல்லாம் விலை ஏறிவிடுகிறது. அது இறங்குவதற்குள் சீனப் புத்தாண்டு வந்துவிடும், ஈரச்சந்தையில் பாதிக் கடை மூடியிருக்கும். இடையில் வெளிநாட்டில் ஏற்றுமதித் தடை ஏதாவது வந்தால் அரிசிக்கும் வெங்காயத்துக்கும்கூட அல்லாட வேண்டும். இந்த முறை செப்டம்பரிலேயே தொடங்க நினைக்கிறேன்.

மாதச் செலவுக்கு மேல் 40 வெள்ளி ஒதுக்கலாம். நான்கு மாதத்துக்கு 160. அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுத்த சிடிசி பற்றுச்சீட்டில் பேரங்காடிக்கான பங்கு 90 வெள்ளி மிச்சம் இருக்கிறது. எதை எவ்வளவு வாங்கலாம்? எதை வாங்கவே கூடாது? அரிசியில் வண்டு வராமல் எப்படி வைப்பது? வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையை, அதாவது பாம் ஷெல்டரைத்தான் ஸ்டோர் ரூமாக வைத்திருக்கிறோம், அங்கே அடுக்கலாமா? 25 கிலோ அரிசி மூட்டை கிலோக் கணக்கில் மலிவாக இருக்கிறது, எடுத்துவிடலாமா? சமையல் கேஸ் சிலிண்டர்தான், குழாய் எரிவாயு இல்லை.

---

கிட்டங்கிக் கணக்கு எழுதியது:

அக்கா, முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். இங்கே தட்டுப்பாடு என்பது கடை முழுக்கக் காலியாவது கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான் போகும். 2022 ஜூன் 1 அன்று மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. நமக்கு வந்துகொண்டிருந்த கோழியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான். ஆனால் பிரேசில் உறைகோழி கடையில் இருந்துகொண்டேதான் இருந்தது. 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை போட்டது, ஆகஸ்ட் கடைசியில் சிங்கப்பூருக்கு விலக்குக் கொடுத்தது. அதே ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது. அந்த டிசம்பரில் வெங்காயத்துக்குத் தடை, அடுத்த மே மாதம்தான் நீங்கியது.

அலமாரி காலியானது 2020இல். பிப்ரவரி 7 அன்று நோய்ப்பரவல் எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்துக்கு உயர்ந்த மாலையும், மார்ச் நடுவில் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்த இரவும் அப்படி ஆனது. அப்போதும் கிட்டங்கியில் சரக்கு இருந்தது. அதைக் கொண்டுவந்து அடுக்குவதற்குள் மக்கள் எடுத்துக்கொண்டு போனதுதான் காரணம். இங்கே அரிசி இறக்குமதி செய்பவர்கள் மாத இறக்குமதியைப் போல இரு மடங்கைச் சேமிப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது அரசாங்க விதி. ஆகவே நீங்கள் ஆறு மாதத்துக்கு அடுக்கத் தேவையே இல்லை. இரண்டு வாரம் வரிசையில் போய் நிற்காமல் இருக்கவும், ஒரு பொருள் விலை ஏறினால் ஆறேழு வாரம் வேறொன்றால் ஓட்டவும் முடிந்தால் போதும்.

இரண்டு வாரக் கணக்கு இது. உங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து நாளுக்கு ஏறத்தாழ 9,000 கலோரி. 14 நாளுக்கு 1,26,000. காய், மீன், முட்டை எதுவும் இல்லை என்றே வைத்துக்கொண்டு போடுகிறேன்:

அரிசி 14 கிலோ (50,400)
பருப்பு, பயறு எல்லாம் சேர்த்து 4 கிலோ (13,600)
ஆட்டா மாவு 5 கிலோ (17,000)
எண்ணெய் 3 லிட்டர் (24,600)
சீனி 2 கிலோ (8,000)
வேர்க்கடலை 1 கிலோ (5,700)
பால்மாவு 1 கிலோ (5,000)

கூட்டினால் 1,24,300. எண்ணெயைப் பாருங்கள். மூன்றே லிட்டர், பட்டியலில் ஐந்தில் ஒரு பங்கை அது தாங்குகிறது, இடமும் அடைக்காது. பலர் அரிசியையும் மேகி மீயையும் மலைபோல அடுக்குவார்கள், எண்ணெயை மறந்துவிடுவார்கள். எண்ணெய் இல்லாவிட்டால் வெறும் சோற்றில் பிள்ளைகளுக்கு வயிறும் நிறையாது, கணக்கும் நிறையாது.

இதோடு 10 சார்டின் டின், 2 கிலோ உப்பு, புளி, மிளகாய்த்தூள், சாம்பார்த்தூள், தேயிலை. எல்லாம் பேரங்காடியின் சொந்த முத்திரைச் சரக்காக எடுத்தால் உங்கள் 160க்குள் அடங்கும். வீட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கழித்துக்கொண்டு வாங்குங்கள். 90 வெள்ளிப் பற்றுச்சீட்டை இப்போதே தொடாதீர்கள். ஜனவரியில் ஏதாவது ஒன்று விலை ஏறும்போது அதற்கு மாற்றுப்பொருள் வாங்க அது உதவும். ஆனால் சீட்டு காலாவதியாகும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் வரிசை: செப்டம்பரில் அரிசியும் பருப்பும். எண்ணெய், சீனி, மாவு மூன்றுக்கும் தீபாவளி ஒட்டிச் சலுகை வரும், அதுவரை காத்திருக்கலாம். டின், பால்மாவு நவம்பரில். டிசம்பர் 40 வெள்ளியை உறைபெட்டியில் வைக்கும் காய், மீனுக்கு விடுங்கள்.

25 கிலோ மூட்டை வேண்டாம். நீங்கள் நாளுக்கு 600 கிராம் சமைத்தால் அது முடிய 41 நாள். ஏற்கெனவே கையில் உள்ள 14 கிலோவை முதலில் தீர்த்தால் மூட்டையின் கடைசிப் பிடி அரிசியை எடுக்க இரண்டு மாதம் கடந்திருக்கும். இந்த ஊர் ஈரத்தில், திறந்து வைத்த மூட்டைக்கு அது அதிகம். 5 கிலோப் பையாக மூன்று எடுங்கள். விலைச்சீட்டில் கிலோவுக்கு எவ்வளவு என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அதை வைத்து ஒப்பிடுங்கள். சலுகை நாளில் 5 கிலோப் பை பல சமயம் மூட்டை விலைக்கே வந்துவிடும்.

---

பலசரக்கு அலமாரி எழுதியது:

மேலே கிட்டங்கி அண்ணன் சொன்ன கணக்கு சரி, ஆட்டா மட்டும் எனக்கு ஒப்பவில்லை. முழுக்கோதுமை மாவில் முளையின் எண்ணெய் கலந்திருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் அது சீக்கிரம் காறிவிடும். சப்பாத்தி லேசாகக் கசக்கிறது, பழைய எண்ணெய் வாடை அடிக்கிறது என்றால் இதுதான் காரணம், பூச்சி இல்லை. வெளியே வைத்தால் இரண்டு மாதத்துக்கு மேல் நம்பாதீர்கள். தவிட்டோடு இருக்கும் சிவப்பரிசிக்கும் இதே கதிதான். ஆட்டாவை 2 கிலோவாகக் குறைத்து, மீதி 3 கிலோவுக்கு அரிசி நூடுல்ஸான பீஹூனும் வறுத்த சேமியாவும் எடுங்கள். கலோரி கிட்டத்தட்ட ஒன்றேதான், ஆனால் அவை ஓர் ஆண்டு கிடக்கும்.

இனி வண்டு. அக்கா, வண்டு வெளியிலிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையையும் அடைத்துவிடும். கடையில் வாங்கும்போது பை சுத்தமாகத்தான் தெரியும். நம் ஊர்ச் சூட்டில் ஒரு மாதத்தில் முழு வண்டாகி வெளியே வரும். அதனால் வேப்பிலை, காய்ந்த மிளகாய், கிராம்பு எதைப் போட்டாலும் வெளியே திரிவது விலகலாம், மணிக்குள் இருப்பது சாகாது. சாகடிக்க மலிவான வழி குளிர்தான்.

செய்முறை: வாங்கி வந்த அன்றே 5 கிலோவை ஐந்து பையாகப் பிரியுங்கள். முழுப் பையாக உறைபெட்டியில் வைத்தால் நடு அரிசி குளிரவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். கனமான ஜிப் பையில் ஒவ்வொரு கிலோ, காற்றை அழுத்தி வெளியேற்றி, பலகைபோலத் தட்டையாக்கி, -18 டிகிரியில் நான்கு நாள். உறைபெட்டி அடிக்கடி திறக்கப்படும் வீடு என்றால் ஒரு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், இங்கேதான் பாதிப்பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். குளிர்ந்த அரிசி மேல் நம் ஈரக்காற்று பட்டதும் கண்ணாடி டம்ளரில் வியர்ப்பதுபோல அரிசி முழுக்க வியர்க்கும். அந்த ஈரத்தோடு டப்பாவில் போட்டால் பத்து நாளில் பூஞ்சை வாடை. மேசையில் ஒரு நாள் முழுக்கக் கிடக்கட்டும். பையின் வெளிப்புறம் வியர்த்து, காய்ந்து, தொட்டால் அறைச்சூட்டில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு திறக்கலாம்.

டப்பாவுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தலில் 1.2 கிலோ அரிசி பிடிக்கும். உங்கள் 14 கிலோவுக்கு 12 போத்தல். கழுவிக் கவிழ்த்து வைத்தால் இந்த ஊரில் உட்புறம் காய மூன்று நாள் ஆகும், மின்விசிறிக்கு முன்னால் வைத்தால் ஒரு நாள். காய்ந்ததா என்று பார்க்க: மூடியை இறுக்கி ஒரு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உள்சுவரில் பனி படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. காகிதப் புனல் வைத்து ஊற்றி, தட்டித் தட்டிக் கழுத்துவரை நிரப்புங்கள். மேலே காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மூடியில் காகித ஒட்டுநாடா ஒட்டி, நிரப்பிய மாதத்தை எழுதுங்கள். பழைய போத்தல் முன்னால், புதியது பின்னால். ஒரு போத்தல் முடிந்த வாரமே ஒரு கிலோ வாங்கி நிரப்பிவிட்டால் இருப்பு தானாகவே சுழலும்.

எண்ணெய், ஜூஸ் இருந்த போத்தல் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது, அரிசி அதை இழுத்துக்கொள்ளும்.

பருப்பில் துவரை, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு போல உடைத்ததற்குப் பயம் குறைவு. முழுப்பயறுதான் பயற்றுவண்டுக்குப் பிடித்தது: பாசிப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு. அவற்றையும் அரிசிபோலவே நான்கு நாள் உறைய வையுங்கள். ரவையை வெறும் வாணலியில் வறுத்து, நன்றாக ஆறிய பிறகு அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் மூடியில் நீர் கட்டிவிடும்.

வேர்க்கடலையில் ஒரு எச்சரிக்கை. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். கழுவினாலும் வறுத்தாலும் போகாது, ஈரலைக் கெடுக்கும். கறுத்தது, சுருங்கியது, வாடை அடிப்பது என்றால் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைத் தின்னலாம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பாக்கெட்டை அப்படியே எறிந்துவிடுங்கள். அரைக் கிலோப் பையாக இரண்டு வாங்கி உறைபெட்டியிலேயே வையுங்கள்.

பாம் ஷெல்டர் பற்றி: தடித்த கான்கிரீட், கதவை மூடினால் காற்றோட்டம் இல்லை. வெப்பமும் ஈரமும் உள்ளேயே நிற்கும். அடுக்கலாம், ஆனால் தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். தட்டு அலமாரியில், சுவருக்கும் சாமானுக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். காற்றுத் துளைகளுக்கு முன்னால் எதையும் அடைக்காதீர்கள். ஈரம் உறிஞ்சும் பெட்டிகள் விற்கிறார்களே, அவை மூடிய அலமாரிக்குள்தான் வேலை செய்யும். திறந்த அறையில் வைத்தால் வெளிக்காற்றின் ஈரத்தையே குடித்துக்கொண்டிருக்கும், வாரத்துக்கு ஒன்று வாங்க வேண்டிவரும். அதில் சேரும் தண்ணீர் கால்சியம் குளோரைடு கரைசல், சாமான் மேல் சிந்தவிடாதீர்கள். ஈரம் புகாத போத்தலில் அடைத்துவிட்டால் இந்தப் பெட்டியே தேவையில்லை.

எண்ணெயையும் அங்கே வைக்கலாம், வெளிச்சம் இல்லாதது அதற்கு நல்லது. 5 லிட்டர் கேன் வாங்காதீர்கள். திறந்தபின் இரண்டு மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். 1 லிட்டர் போத்தலாக மூன்று எடுங்கள்.

---

ஈசூன் அம்மா எழுதியது:

ரொம்ப நன்றி. பனி வைத்துப் பார்க்கும் முறையை இன்றைக்கே செய்கிறேன். இரண்டு சந்தேகம். மாமியாருக்குச் சோறு ஒரு வேளைதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், 14 கிலோ அரிசிப் பட்டியல் அவருக்குப் பொருந்துமா? காய்க்கும் மீனுக்கும் என்ன செய்வது? உறைபெட்டி மேல்தட்டுதான், சின்னது.

---

தேக்காக் கூடை எழுதியது:

காய் மீன் விஷயம் நான் சொல்கிறேன் அக்கா.

டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பகுதி. நமக்கு வரும் கீரை பெரும்பாலும் மலேசியாவிலிருந்து, கேமரன் மலையும் அதில் அடக்கம். மழை அடித்தால் முதலில் அழுகுவது மெல்லிய இலைதான். 2014 டிசம்பரிலும் 2021 டிசம்பரிலும் மலேசியாவில் பெரிய வெள்ளம் வந்ததே, அந்த மாதிரி ஆண்டுகளில் லாரி வரும் வழியும் கெடும். மீன் விலைக்கும் அதே காற்றுதான் காரணம். தென்சீனக் கடல் கொந்தளிப்பாக இருக்கும்போது தீபகற்பத்தின் கிழக்குக் கரைப் படகுகள் அதிகம் இறங்காது. அதற்குப் பின் சீனப் புத்தாண்டுக்கு இறால், பெரிய மீன் எல்லாம் விலை ஏறும். முதல் சில நாள் சந்தைக் கடைகள் திறப்பதே இல்லை.

ஆக, இலைக்காயும் நல்ல மீனும் ஏறும் என்று இப்போதே தெரியும். ஏறாதவை கேரட், முட்டைக்கோஸ், பூசணி, உருளை, சீனாவிலிருந்து வரும் வெங்காயம், பூண்டு. பூசணியை முழுசாக வாங்கினால் காற்றுப்படும் இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். வெட்டிய துண்டு நாலு நாள்கூட நிற்காது. முட்டைக்கோஸை வெட்டாமல், வெளி இலையை உரிக்காமல், காகிதத்தில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்தால் மூன்று வாரம்.

வெங்காயம் 3 கிலோ போதும். கழுத்து காய்ந்து இறுகியதாகப் பாருங்கள், கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. வலைப்பையில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில், இந்த மூன்று இடமும் கூடாது. மூன்று நாலு வாரம் வரும். வாரம் ஒருமுறை கையைவிட்டுத் துழாவுங்கள். ஒன்று நசிந்தால் அடுத்த வாரம் ஐந்து நசியும். விலை இறங்கியிருக்கும்போது ஒரு கிலோவை மெல்லிசாக நறுக்கிப் பொன்னிறமாக வதக்கி, தட்டையாக உறைய வைத்துவிடுங்கள். குழம்புக்கு ஒரு துண்டு உடைத்துப் போட்டால் போதும்.

சின்ன உறைபெட்டியில் என்ன வைக்கலாம் என்பதில் கண்டிப்பாக இருங்கள். வெள்ளரி, புடலை, சுரைக்காய் போன்ற நீர்க்காய் உறைந்து கரைந்தால் கூழ். பச்சை உருளை கறுத்துவிடும். பீன்ஸ், காலிபிளவர், கேரட், கீரை நன்றாக வரும், ஆனால் வெந்நீரில் காட்டாமல் வைக்காதீர்கள். காயில் இருக்கும் என்சைம் உறைபெட்டிக்குள்ளும் மெதுவாக வேலை செய்யும். ஒரு மாதத்தில் பீன்ஸ் வைக்கோல் சுவைக்குப் போய்விடும். கொதிக்கும் தண்ணீரில் பீன்ஸும் காலிபிளவரும் 3 நிமிடம், கேரட் துண்டும் கீரையும் 2 நிமிடம். உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டி, வடிகட்டி, துணியில் உருட்டி ஈரம் போக்கி, 250 கிராம் பையில் புத்தகம்போலத் தட்டையாக. நின்றவாக்கில் அடுக்கினால் சின்னத் தட்டிலும் பத்துப் பன்னிரண்டு பை நிற்கும். துருவிய தேங்காயும் கறிவேப்பிலையும் அப்படியே உறையும்.

மீனில் சார்டின், கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன் இரண்டு மூன்று மாதம்தான், அதற்குமேல் எண்ணெய் காறும். வெள்ளைச் சதை மீன் ஆறு மாதம் நிற்கும். நெத்திலிக் கருவாட்டை வெளியே வைத்தால் இந்த ஈரத்தில் நசநசத்துவிடும். தலை கிள்ளி, பையில் போட்டு உறைபெட்டி.

இஞ்சி பூண்டு விழுதை எண்ணெயில் மூழ்கவைத்து மேடையில் வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். காற்றில்லாத எண்ணெய்க்குள் பூண்டில் பொட்டுலிசம் நஞ்சு உருவாகலாம், அதற்கு வாடையே இருக்காது. குளிர்சாதனப் பெட்டியில் நாலு நாள், அதற்குமேல் என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்க வேண்டும்.

பச்சைக்காய் கிடைக்காத வாரத்துக்குத் தவ்கே, அதாவது பாசிப்பயறு முளைதான் எனக்குப் பிடித்த வழி, அதைவிட மலிவு எதுவும் இல்லை. பாசிப்பயறு 100 கிராம் இரவு ஊறவைத்து, துளையிட்ட டப்பாவில் ஈரத்துணி போட்டு மூடி, நாளுக்கு மூன்று முறை அலசி வடியுங்கள். இங்கே சூடு அதிகம், காலை ஒரு முறை அலசுவது போதாது, புளித்துவிடும். இரண்டாம் நாளே குட்டை முளை 200 கிராமுக்கு மேல் கிடைக்கும். வீட்டில் வயதானவரும் சின்னப் பிள்ளையும் இருப்பதால் பச்சையாகக் கொடுக்க வேண்டாம், வதக்கியே கொடுங்கள். கங்கோங் கீரை வாங்கினால் அடித்தண்டு ஒரு சாண் விட்டுத் தண்ணீரில் நிறுத்துங்கள், வேர் விட்டதும் தொட்டி மண்ணில் வைக்கலாம். தொட்டியைப் பொதுத் தாழ்வாரத்தில் வைப்பீர்களானால் 1.2 மீட்டர் நடைவழி தாராளமாக விட்டு வையுங்கள், அது தீப்பாதுகாப்பு விதி.

---

மாத்திரைப் பெட்டி எழுதியது:

மாமியார் விஷயம் மட்டும். பொதுப் பட்டியலில் அவருக்கு உரிய பங்கு 2 கிலோ போல அரிசி. அதில் ஒரு கிலோவைக் கொண்டைக்கடலை, முழுப் பாசிப்பயறு, ஓட்ஸ் என்று மாற்றிவிடுங்கள். மொத்தக் கணக்கு மாறாது, சர்க்கரை மெதுவாக ஏறும். சீனி 2 கிலோ மற்ற நால்வருக்கு.

ரத்த அழுத்தத்துக்கு டின் உணவும் மேகி மீயும்தான் ஆபத்து, இரண்டிலும் உப்பு ஏராளம். டின் கொண்டைக்கடலை என்றால் தண்ணீரைக் கொட்டி, குழாயில் நன்றாக அலசினால் உப்புக் கணிசமாகக் குறையும். காய்ந்த கடலையே வாங்கினால் காசும் மிச்சம், உப்பும் இல்லை. மேகி மீ மசாலாவைப் பாதி போடுங்கள். ஊறுகாய், கருவாடு இரண்டையும் அவர் தட்டில் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

அரிசியைவிட முந்தியது மாத்திரை. எப்போதும் கையில் இரண்டு வார மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை எடுத்துவிடுங்கள். பலதுறை மருந்தகத்தில் அடுத்த சந்திப்பு சீனப் புத்தாண்டை ஒட்டி விழுகிறதா என்று டிசம்பரிலேயே பாருங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துப் பொதுவான டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள், இந்த ஈரத்தில் சில மாத்திரைகள் நொறுங்கும். அடுப்படி அலமாரியும் குளியலறையும் வேண்டாம், படுக்கையறை இழுப்பறை போதும்.

---

கிட்டங்கிக் கணக்கு எழுதியது:

ஆட்டா திருத்தம் சரிதான், அலமாரி சொன்னபடியே மாற்றிக்கொள்ளுங்கள் அக்கா. கேஸும் தண்ணீரும் விட்டுப்போயிற்று.

சிலிண்டர் ஒன்று ஓடும்போது ஒன்று கைவசம் இருக்கலாம். வீட்டில் வைக்கக்கூடிய அளவு 30 கிலோ. வழக்கமான சிலிண்டர் 12.7 கிலோ, இரண்டு சேர்த்து 25.4. மூன்றாவது வைத்தால் விதி மீறல். நிறுத்தியே வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். பாம் ஷெல்டருக்குள் வைக்கக் கூடாது. அந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும், அங்கே வெளியேற வழி இல்லை. ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். வாயுக் குடுவை செருகும் சின்ன மேசை அடுப்புக்கு மாறுவதாக இருந்தால் பெரிய தோசைக்கல்லோ அகலமான சட்டியோ அதன்மேல் ஏற்றக் கூடாது. சட்டி வாயுக் குடுவை மேல் நீட்டிக்கொண்டிருந்தால் வெப்பம் திரும்பி அடித்துக் குடுவை வெடிக்கும்.

அரிசி, பயறு சமைக்கக் கேஸ் மிச்சம் செய்ய வேண்டுமானால் கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவையுங்கள், சோற்றுக்கு அரிசியை அரை மணி. பிரஷர் குக்கரில் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். அதற்குமேல் பெரிய தீ வைத்தால் ஆவியாகப் போகுமே தவிர வேகம் கூடாது.

தண்ணீர் நமக்கு நாள்கணக்கில் நிற்பதில்லை. தொட்டி கழுவுவது, குழாய் பழுது என்று சில மணி நேரம்தான். ஆளுக்கு நாளுக்கு 3 லிட்டர் குடிக்கவும் சமைக்கவும் என்றால் உங்களுக்கு 15 லிட்டர். 1.5 லிட்டர் போத்தல் பத்து நிரப்பி வையுங்கள், கடையில் வாங்க வேண்டாம், குழாய்த் தண்ணீரே குடிக்கத் தகுந்தது. மூடி இறுக்கி, வெளிச்சம் படாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். வாளியிலும் அண்டாவிலும் திறந்து வைக்காதீர்கள். மழை மாதத்தில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 200 வெள்ளி அபராதம், உங்கள் ஐந்து மாத ஒதுக்கீடு அதிலேயே போய்விடும்.

மின்சாரம் நின்றால் உறைபெட்டியைத் திறக்காதீர்கள். நிரம்பியிருந்தால் 48 மணி நேரம், பாதிதான் இருந்தால் 24 மணி நேரம் குளிர் நிற்கும். கீழ்த்தட்டு நாலு மணி நேரம்தான். அதனால் உறைபெட்டியில் காலி இடம் இருந்தால் தண்ணீர்ப் போத்தலை முக்கால் நிரப்பி அங்கே செருகிவிடுங்கள். முழுக்க நிரப்பினால் உறையும்போது விரிந்து போத்தல் கிழியும்.

---

பலசரக்கு அலமாரி எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். உறைபெட்டி சின்னது என்பதால் அரிசி 14 கிலோவையும் ஒரே வாரத்தில் குளிரவைக்க இடம் இருக்காது. ஒரு தடவைக்கு 3 கிலோ, ஐந்து வாரத்தில் முடியும். முறை வரும்வரை பிரிக்காத பையைப் பெரிய குப்பைப்பைக்குள் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள், அதில் வண்டு வெளிவந்தாலும் மற்ற சாமானுக்குப் போகாது. அரிசி வேலை அக்டோபருக்குள் முடிந்துவிட்டால், தேக்காக் கூடை சொன்ன காய்ப் பைகளுக்கு நவம்பரில் தட்டு காலியாக இருக்கும். பால்மாவை அரைக் கிலோப் பாக்கெட்டாக இரண்டு வாங்குங்கள், திறந்த பாக்கெட் நாலு வாரம்தான். டின் வாங்கும்போது தையல் ஓரத்தில் நசுங்கியது, மேலோ கீழோ உப்பியது இரண்டையும் சலுகை விலையில் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.